கணவர் கையெழுத்துக்கான கட்டம்

மில்லர்புரம்,
மார்ச் 6.

கர்த்தரின் கிருபையால் நலமாயிருக்க வேண்டிய மகன் பிரைட்டனுக்கு, அம்மா வேதமணி எழுதுவது.

பிள்ளைகள் இருவரும் சுகம். சின்னவளுக்குச் சளி விட்டுவிட்டது. இந்தப் பேச்சை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். காயல்பட்டினம் இல்யாஸ் அண்ணாச்சி வியாபார விஷயமாக மஸ்கட் வருகிறார். அவரிடம் கொடுத்திருக்கிறேன். அடுத்த சனிக்கிழமை ஊர் திரும்பிவிடுவார்.

முதலில் என் ஆத்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். நீ கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்து போன பிறகு, மாதம் தள்ளிப்போயிருக்கிறது, எனக்குப் பயமாக இருக்கிறது என்று பெனிஷா உன்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். உன் பெண்டாட்டியை ஒரு வார்த்தை கேட்டாயா? பெரியப்பா கிருபாநிதியிடம் சொல்லி ஆலயத்தில் ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிட்டாய். ஞாயிறு ஆராதனையில் போதகர் ஐயா சீட்டை வாசிக்கிறார்: "மஸ்கட்டில் இருக்கும் சகோதரர் பிரைட்டன், மூன்றாவது கர்ப்பத்தின் கனிக்காக." சபையே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. பெனிஷா பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டாள்.

சின்னவள் பிறந்தபோது அவளுக்கு ஜன்னி கண்டு மூன்று நாள் கண் திறக்கவில்லை. நீ மஸ்கட்டில் இருந்தாய். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கருவைக் கலைக்க ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மாவிடம் இதையெல்லாம் சொல்லத் தொடங்கினேன். பெனிஷா என் கையை அமுக்கிவிட்டு, "எனக்கு வேண்டாம் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.

டாக்டரம்மா சரி என்றுதான் சொன்னார். பத்து வாரம் ஆகிறது, தள்ளிப்போடாதீர்கள் என்றார். ஆபீசில் மறித்துவிட்டார்கள். படிவத்தில் கணவர் கையெழுத்துக்கு ஒரு கட்டம் இருக்கிறது. பேனாவால் போட்ட அசல் வேண்டுமாம், போனில் வந்த படம் செல்லாதாம். மூன்று ஆஸ்பத்திரி ஏறி இறங்கினோம், மூன்றிலும் அதே கட்டம். நீயோ போட மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டாய்.

நான் ஐந்தாம் வகுப்போடு உப்பளத்துக்குப் போனவள். மீதி எழுத்தை வேதாகமத்தை வாசித்துத்தான் கற்றேன். கருக்கலைப்புச் சட்டத்தைத் தமிழில் வாங்கி நான்கு தடவை வாசித்துவிட்டேன். பதினெட்டு முடிந்தவளுக்கு அவள் சம்மதம் போதும். புருஷன் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. இதைச் சொன்னால், "எங்க ரூல் இதுதாம்மா" என்கிறார்கள்.

அதனால் முதல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தோம். உப்பளத்துச் செல்லக்கிளி பத்துப் பெண்களைக் கூட்டி வந்தாள். காயல்பட்டினத்திலிருந்து குல்சும் வந்தாள். அவள் மாப்பிள்ளையும் உன்னைப் போல வெளிநாட்டில்தான், போன வருஷம் இதே கட்டத்தால் அலைந்தவள். "எங்கள் உடம்பு, எங்கள் கையெழுத்து" என்று அட்டையில் எழுதிப் பிடித்தோம். காவலாளி என்னைப் பார்த்து, "பாட்டிக்கு எத்தனை மாசம்?" என்றான். "அறுபத்தெட்டு வருஷம்லே, உன் முதலாளியைக் கூப்பிடு" என்றேன். நான்கு நாள் வெயில் தின்றோம். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மேலிடம் எங்கே இருக்கிறதென்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை.

பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இனி நான் ஜெபம் நடத்த வேண்டாமாம். பெரியப்பா தெருவில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பட்டும்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டாவதாக நீ பிறந்த மூன்றாம் நாள் எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணினார்கள். மயக்கம் தெளிந்து, இது என்ன வலி என்று கேட்டேன். உங்கள் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுவிட்டாரே என்றாள் நர்ஸ். எனக்கு ஒரு பெண்பிள்ளை வேண்டும் என்று இருந்தது. முப்பத்தாறு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு உன் அப்பா போட்டார், இன்றைக்கு நீ போட மறுக்கிறாய்.

மகனிடம் கையெழுத்தை வாங்கிக் கொடுத்துவிட்டு வீட்டைப் பாருங்கள் என்று எல்லோரும் சொன்னார்கள். வாங்கினால் அந்தக் கட்டம் நியாயம் என்று ஆகிவிடும், வாங்க மாட்டேன் என்று நின்றேன். நேற்று பெனிஷா படிவத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அத்தை, உங்க போராட்டம் ஜெயிக்கட்டும். எனக்கு நாள் போகுது. இதை அவுகளுக்கு அனுப்புங்க" என்றாள். முடியாது என்றேன். "அப்போ நீங்களும் என்னைக் கேக்க மாட்டீங்க, அப்படித்தானே?" என்றாள்.

அப்புறம்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

படிவத்தை உள்ளே வைத்திருக்கிறேன். எனக்கு இதில் சம்மதம் கிடையாது. அவள் சொன்னாள், வைத்தேன். மேலே அவள் கையெழுத்து இருக்கிறது, முதலில் அதைப் பார். பிறகு கீழே உன் பெயரை எழுதி, அண்ணாச்சி கிளம்புவதற்குள் கொடுத்துவிடு. திங்கட்கிழமை நாங்கள் மறுபடியும் வாசலில் உட்காருகிறோம். உன் கையெழுத்து வந்தாலும் உட்காருவோம்.

கர்த்தர் உன் கையைத் திடப்படுத்துவாராக.

உன் அம்மா,
வேதமணி