அட்டையில் ஒட்டிய சீட்டு

போன வாரம் துணி பீரோவின் மேல் தட்டைச் சுத்தம் செய்தேன். போர்வைகளுக்கு அடியில் விரித்திருந்த தாள்கள் பழுத்துப் போய், தொட்டால் உதிர்ந்தன. எல்லாவற்றையும் சுருட்டிக் குப்பையில் போட்ட பிறகும் ஒன்று மட்டும் தகட்டோடு ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. தோசைத் திருப்பியால் நெம்பி எடுத்துப் பார்த்தால், நீ எழுதிய நம் பத்திரிகையின் அட்டை. ஒரு நடிகர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நிற்கிறார். கீழ் மூலையில், படத்தின் மேல், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறது. 'உங்கள் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் வருகிறார்! விவரம் அடுத்த வாரம்.' சீட்டு கொஞ்சம் கோணல். ஒட்டிய நம் கூட்டத்தில் அப்படிக் கோணலாக ஒட்டியவள் நீ ஒருத்திதான்.

நீ கண்ணை மூடி ஒன்பது மாதம் ஆகிறது. அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ராயபுரம் பள்ளிக்கூடத்தில் நீ தமிழ், நான் கணக்கு. எட்டு வருடம் அடுத்தடுத்த வகுப்பறைகள். நீ வேலையை விட்டுவிட்டு ஒரு புது வாரப் பத்திரிகையில் சேரப் போகிறாய் என்று சொன்னபோது, தலைமை ஆசிரியையாக இருந்த சிஸ்டர் உனக்காகத் தனியாக ஜெபம் செய்தார். "சினிமா புக்குக்கா போற?" என்று நானும் கேட்டேன். "சினிமா முன்னாடி இருக்கும்டி. பின்னாடி ஒரு பக்கம் எனக்குத் தர்றேன்னு சொல்லியிருக்காங்க" என்றாய். ஒரு பக்கத்துக்காக ஒருத்தி அரசுச் சம்பளத்தை விடுவாளா என்று அன்று எனக்குப் புரியவில்லை.

ஆரம்பத்தில் பத்திரிகை போகவில்லை. ரயில் நிலையத்துக்கு எதிரே பத்திரிகைக் கடை வைத்திருந்த காதர் பாய் என்னைப் பார்த்தாலே குறை சொல்வார். "இன்னா டீச்சரம்மா, உங்க தோஸ்து புக்கு தூங்கினுகீது. பத்து வந்தா ஆறு அப்டியே திரும்பிப் போவுது." நடிகை வீட்டு நாய்க்குட்டி, நடிகர் சாப்பிடும் காலை உணவு, யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்ற ஊகம், இதெல்லாம் மற்ற பத்திரிகைகளிலும் இருந்தது. இல்லாதது உன்னுடைய கடைசிப் பக்கம்தான். 'அடுத்த வீடு' என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாய்.

முதலில் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவரைப் பற்றி எழுதினாய். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்தபடி, தன் வீட்டு மொட்டைமாடியில் துணி காய்வதைப் பார்த்து, மனைவி துவைத்து முடித்துவிட்டாள் என்று தெரிந்துகொள்கிறவர். அடுத்து, திருவொற்றியூர் கோயில் வாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா. செருப்பின் தேய்மானத்தை வைத்து ஆள் எந்தப் பக்கமாகச் சாய்ந்து நடப்பார் என்று சொல்லிவிடுவார். யாருடைய பெருமையையும் நீ ஊதிப் பெரிதாக்கவில்லை. யாரையும் பாவப்பட்டவராகவும் காட்டவில்லை. ஆறேழு மாதத்தில் காதர் பாய் நம் பத்திரிகையைக் கடை முகப்புக் கயிற்றுக்கு மாற்றிவிட்டார். "பொம்பளைங்க கடைசிப் பக்கத்ததான் மொதல்ல பிரிக்கிறாங்க. நம்ம பேட்ட ஆளு யாருனா வந்துகிறாங்களான்னு பாக்கறாங்க" என்றார்.

உன்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் அச்சுக்குக் கொடுக்கமாட்டாய். சனிக்கிழமை காலையில் அந்த ஆளின் வீட்டுக்குப் போய், முழுவதையும் வாசித்துக் காட்டுவாய். "இதுல எது வேணாம்னு தோணுதோ சொல்லுங்க, அடிச்சிடறேன்." சிலர் அப்படியே போடச் சொல்வார்கள். ஒருவர் தன் அப்பா குடித்ததை எடுக்கச் சொன்னார். எடுத்தாய். ஒரு பெண், "ஒரே ரூமுன்னு போட்டுகிற. ரெண்டு ரூமுன்னு போடு" என்றாள். நீ இரண்டு என்று எழுதவில்லை. அறைக் கணக்கையே விட்டுவிட்டாய். உன் பக்கம் கறுப்பு வெள்ளையில், தண்டையார்பேட்டை அச்சகத்தில், எல்லாவற்றுக்கும் கடைசியாக அச்சாகும். அதனால் சனிக்கிழமை அடிப்பதற்கு நேரம் இருந்தது. அட்டையும் வண்ணப் பக்கங்களும் மட்டும் சிவகாசியில் முன்னதாகவே அச்சாகி லாரியில் வந்துவிடும். அவற்றில் உனக்கு வேலை இல்லை.

ஸ்டெல்லாவை உனக்குக் காட்டியது நான்தான். அவள் மகள் என் ஏழாம் வகுப்பில் இருந்தாள். ஒரு நாள் பிள்ளைகள் அப்போது பிரபலமாக இருந்த ஒரு கதாநாயகியின் வசனத்தைச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தபோது, "அது எங்கம்மா பேசுனது" என்றாள் இவள். பொய் சொல்லாதே என்று அதட்டி, அம்மாவை அழைத்து வரச் சொன்னேன். மறுநாள் ஸ்டெல்லா வந்து நின்றாள். கணவர் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர். இவள் மாதாகோயிலில் பெரிய வெள்ளி நாடகத்துக்குப் பின்னால் நின்று குரல் கொடுக்கப் போய், அங்கே ஒலிபெருக்கி வைத்தவர் மூலமாக நடிகைகளுக்கு டப்பிங் பேச ஸ்டூடியோவுக்குப் போனவள். "இன்னா மிஸ்ஸு, எம்பொண்ணு மேல பேஜாராமே" என்றுதான் ஆரம்பித்தாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே வசனத்தை, அதே இழைந்த தமிழில் சொன்னாள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த சிஸ்டர் திரும்பி நின்றார். எப்படி இப்படி மாறுகிறது என்று கேட்டேன். "அது மைக்குக்கு மிஸ்ஸு. இது வூட்டுக்கு."

அந்தப் பெண்ணிடம் நான் வகுப்பில் எல்லார் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அதோடு விட்டிருக்கலாம். அன்று மாலையே உன்னிடம் சொன்னேன். நீ மறுநாளே அவள் வீட்டில் இருந்தாய். அவளும் சந்தோஷமாகப் பேசினாள், போட்டோவும் கொடுத்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எடிட்டர் உன் பக்கத்தை அட்டைக்குக் கொண்டுவரத் தீர்மானித்தார். உன் பக்கத்தால் பத்திரிகை விற்கிறது, அதைக் கடைசியில் ஒளித்து வைப்பானேன் என்றார். நியாயமான பேச்சுதான். அட்டை மூலையில் போட ஸ்டெல்லாவின் போட்டோவையும், அந்தக் கதாநாயகியின் குரல் இவருடையது என்ற ஒரு வரியையும் முன்கூட்டியே வாங்கிச் சிவகாசிக்கு அனுப்பிவிட்டார். நீயும் பெருமையோடு கொடுத்துவிட்டாய். அட்டைக்குக் கொடுத்தால் சனிக்கிழமை வாசித்துக் காட்டுவதற்கு அர்த்தம் இருக்காது என்பது உனக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கும்தான். கணக்கு டீச்சர் நான், நாளை எண்ணிப் பார்த்திருக்க வேண்டாமா?

அந்தச் சனிக்கிழமை நானும் உன்னோடு வந்தேன். ஸ்டெல்லாவின் கணவருக்கு முதுகில் அடிபட்டு நாலு மாதமாகப் பாயில் இருந்தார். ஸ்டெல்லா நம்மை உட்கார வைத்து, நீ வாசித்ததை முழுவதும் கேட்டாள். நடுவில் இரண்டு முறை சிரித்தாள். முடிந்ததும், "ஷோக்கா கீது மிஸ்ஸு. ஆனா போடாத" என்றாள். அந்த வாரம்தான் அவள் குரல் கொடுத்துக்கொண்டிருந்த புதுப் படத்தின் தயாரிப்பாளர், கதாநாயகி சொந்தக் குரலில் பேசுகிறார் என்று பேப்பருக்குச் சொல்லியிருந்தார். பாதிப் படம் பேசியாகிவிட்டது, அடுத்த படமும் இவளுக்கே என்று பேச்சு. வெளியே தெரிந்தால் வேறு ஆளை வைத்துவிடுவார்கள்.

"என் தொண்டைலதான் அடுப்பு எரியுது. நீயே சொல்லு, இன்னா பண்ண?"

நீ வழக்கம்போலப் பேனாவை எடுத்து, பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டு, "சரி, போடலை" என்றாய். தெருமுனை வரைக்கும் வந்த பிறகுதான் நின்றாய். உன் முகத்தைப் பார்த்ததும் எனக்கும் புரிந்தது. அட்டைகள் முந்தின நாளே வந்து இறங்கியிருந்தன.

எடிட்டரிடம் நடந்ததை நீ பிறகு எனக்கு ஒன்றுவிடாமல் சொன்னாய். அவர் கத்தவில்லை. நாம் பொய் எழுதவில்லையே என்றார். அட்டையைத் தூக்கிப் போட்டால் இந்த வாரம் பத்திரிகையே கிடையாது என்றார். "உண்மைதான் சார். ஆனா அது அவங்களோடது. அவங்க இன்னும் நமக்குத் தரலை" என்று நீ சொன்னாயாம். வேலையை விடுவதாக நீ சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது. உட்கார்ந்து வழி தேடினாய். திங்கட்கிழமை காலை அட்டைகள் பத்திரிகையோடு தைப்புக்குப் போவதற்குள் மூலையை மறைத்துவிட்டால் ஆட்சேபணை இல்லை என்று அவர் இறங்கி வந்தார். மறைக்கிற சீட்டில் என்ன போடுவது? வெறும் தாளை ஒட்டினால் கடைக்காரர்கள் கிழித்துப் பார்ப்பார்கள். அவர் மோட்டுவளையைப் பார்த்து யோசித்து, ஒரு நட்சத்திரம் வாசகர் வீட்டுக்கு வருகிறார் என்று போடச் சொன்னார். எந்த நட்சத்திரம், எந்த வீடு, எதுவும் அவருக்கே தெரியாது. அதனால்தான் 'விவரம் அடுத்த வாரம்.'

நீ விஷயத்தைச் சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பாடகர் குழுப் பெண்கள் ஏழெட்டுப் பேரோடு ஸ்டெல்லாவும் அச்சகத்துக்கு வந்தாள். அதற்குள் அவள் குரல் விஷயம் ராயபுரம் முழுக்கத் தெரிந்திருந்தது. ராயபுரத்துக்கு வெளியே போகாமல் இருந்தால் போதும். தரையில் கோணி விரித்து, வாளியில் மைதாப் பசை கரைத்து, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒட்டினோம். உன்னை மூன்று முறை வரிசையிலிருந்து எழுப்பிச் சீட்டு வெட்டும் இடத்துக்கு அனுப்பினார்கள். மூன்று முறையும் திரும்பி வந்தாய்.

"தமிழு மிஸ்ஸு, நேரா கோடு போட்டு எழுதத் தெரியுது, சீட்டு நேரா ஒட்டத் தெரியலியே" என்றாள் ஸ்டெல்லா. அட்டையில் இருந்த தன் முகத்தின் மேல் சீட்டை வைத்து அழுத்திக்கொண்டே, "இந்த மூஞ்சிக்கு நானே பூட்டு போட்டுகினேன், பாரு" என்று பக்கத்துப் பெண்ணிடம் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. அடுத்த அட்டையை எடுத்துக்கொண்டாய்.

அட்டைகள் அத்தனையும் ஒட்டியாகிவிட்டது. உன் பக்கத்தில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் காவலரைப் பற்றி எழுதி வைத்திருந்தது போனது. புதன்கிழமை பள்ளி இடைவேளையில் நீ வாசலில் வந்து நின்றாய். கடைகளில் தொங்கவிடும் போஸ்டரை நாம் யாரும் நினைக்கவில்லை. அதுவும் சிவகாசியில்தான் அச்சானது. அங்கிருந்து நேராகத் தென் மாவட்டத்து ஏஜெண்டுகளுக்குப் போய்விட்டது. அந்த வாரம் முழுவதும் மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஸ்டெல்லாவின் முகமும் அந்த ஒரு வரியும் கடைகடையாகத் தொங்கின.

நீ அன்றே போய் அவளிடம் சொன்னாய். மறைக்கவில்லை. அவள் அந்தப் படத்தைப் பேசி முடித்தாள். அடுத்த படத்துக்குக் கூப்பிடவில்லை. போஸ்டரால்தானா என்று யாருக்கும் தெரியாது. "அதாலயும் இருக்கும். எனக்கு அந்த மாசம் தொண்ட கட்டிகினு கரகரன்னு போனதாலயும் இருக்கும். விடு மிஸ்ஸு" என்றாள். பிறகு பல வருடம் நர்ஸாக, மாமியாராக, கூட்டத்தில் கூச்சல் போடுகிறவளாகப் பேசினாள். கதாநாயகியாகப் பேசவில்லை. அவள் விடு என்றாலும் நீ விடவில்லை. அவள் மகள் படிப்பு முடியும்வரை அந்த வீட்டுக்கு நீ போய் வந்தது எனக்குத் தெரியும்.

பத்திரிகை வளர்ந்தது அந்தச் சீட்டால்தான். எங்கள் வீட்டுக்கு வாருங்கள் என்று அஞ்சலட்டைகள் சாக்குச் சாக்காக வந்தன. கடைசியில் ஒரு நடிகர் தெற்கே ஏதோ ஒரு வீட்டுக்குப் போய், பாயில் உட்கார்ந்து புளிச்சோறு சாப்பிட்டார். அது வருடா வருடம் நடக்கிற விழாவாகிவிட்டது. காதர் பாய் பத்திரிகை வருவதற்கு முன்னாலேயே முன்பணம் வாங்கிக்கொண்டு பெயர் எழுதி வைக்க ஆரம்பித்தார். பின்னாளில் ஒரு கூட்டத்தில் எடிட்டர் இதைத் தன் வியாபார யோசனை என்று பேசினார். நீ முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாய். ஆனால் உன் பக்கம் அதற்குப் பிறகு ஒரு தடவையும் அட்டைக்குப் போகவில்லை. கேட்டார்கள், பதவி உயர்வோடு சேர்த்தே கேட்டார்கள். நீ கடைசிக் கறுப்பு வெள்ளைப் பக்கத்திலேயே இருந்தாய்.

எனக்கு அதிலிருந்து ஒன்று தொற்றிக்கொண்டது. முன்னேற்ற அறிக்கையில் குறிப்பு எழுதினால், வீட்டுக்கு அனுப்பும் முன் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டுவேன். 'கவனக் குறைவு' என்று எழுதியிருந்ததைக் கேட்டுவிட்டு ஒரு பெண், "கவனம் இருக்கு மிஸ், போர்டுதான் தெரியல" என்றாள். கண்ணாடி வாங்கிக் கொடுக்கச் சொல்லி எழுதினேன். ஓய்வு பெறும்வரை அப்படித்தான்.

நேற்று முன்தினம் பத்திரிகை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் பேசினாள். இப்போது பத்திரிகை போனிலும் வருகிறதாம். உன்னைப் பற்றி ஒரு மடல் வேண்டும் என்றாள். மரியாதையாகத்தான் கேட்டாள். எழுதி எடுத்துக்கொண்டு எண்ணூருக்குப் போனேன். ஸ்டெல்லா அங்கே மகளோடு இருக்கிறாள். முழுவதையும் வாசித்தேன். "இப்ப போடு மிஸ்ஸு. ஸ்டெல்லான்னு போடு. அந்தப் படத்துல பேசுனது நாந்தான்னு நல்லா தெரியறாப்ல போடு" என்றாள். படத்தின் பெயரையும் போடு என்றாள். அது எனக்குச் சரியாகத் தோன்றவில்லை, அந்த நடிகையிடம் நாம் கேட்கவில்லையே என்றேன். என்னை முறைத்து, "நீயும் தமிழு மிஸ்ஸு மாரியே ஆயிட்ட" என்றாள்.

போனில் பேசிய பெண், வெளியே தெரியாத விஷயம் இரண்டு மூன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்றாள். இருக்கிறது. நீ ஏன் கல்யாணம் வேண்டாம் என்றாய் என்பது எனக்குத் தெரியும். கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் யாருக்குக் கடிதம் எழுதச் சொன்னாய் என்பதும், பாதியில் ஏன் நிறுத்தச் சொன்னாய் என்பதும் தெரியும். உன் தம்பியிடம் கேட்டு எழுதுங்களேன் என்றாள் அந்தப் பெண். அவை உன் தம்பியுடையவை அல்ல. உனக்கு வாசித்துக் காட்ட வழியில்லாததால் எழுதவில்லை. உன் பெயரையும் போடவில்லை. மற்றதெல்லாம் அச்சுக்குப் போகிறது. எழுதாதவை என்னிடம் இருக்கின்றன.