தொண்ணூற்றொரு புளியங்கொட்டை

அக்கா, நடந்தது அத்தனையும் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உனக்கு வாத்தியார் படிப்புக்கு இடம் கிடைக்காது, கணக்கில்தான் தடுக்கி விழுவாய் என்று தறியில் உட்கார்ந்தே சொன்னேன். கேட்டவர்கள் அருப்புக்கோட்டையில் இன்னும் இருக்கிறார்கள்.

இன்றைக்குப் பரணில் நூல் கட்டு தேடியபோது உன் தகர டப்பா கையில் தட்டுப்பட்டது. திறந்தேன். துரு வாசம். உள்ளே புளியங்கொட்டை. எண்ணிப் பார்த்தேன், தொண்ணூற்றொன்று.

அத்தான் செத்த பிறகு, திருச்சுழிக்கு அந்தப்பக்கம் மாமியார் வீட்டில் ஊருணித் தண்ணி சுமந்தே தேய்ந்துபோனவள் நீ. மதுரையில் விதவைகளுக்கு வாத்தியார் படிப்பில் இடம் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு நம் வீட்டுக்கு வந்தாய். கிடைத்தால் மதுரை, இல்லையென்றால் மறுபடியும் அந்த வீடு.

கொட்டைகளை வரிசை வரிசையாக அடுக்குவாய். மிச்சமில்லாமல் சமமாக நின்றால் பகு எண். எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசையில்தான் நிற்பேன் என்று முரண்டு பிடித்தால் பகா எண். "பன்னெண்டு நல்ல பிள்ளைடா, எப்படி நிறுத்துனாலும் நிக்கிது. பதிமூணு நம்ம அப்பா மாதிரி" என்று சிரிப்பாய்.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் பந்தல்குடியிலிருந்து தறிக்காரர்கள் நாலு வண்டி கட்டிக்கொண்டு என்னிடம் கட்டம் போட்ட சேலைக்குக் கணக்குக் கேட்க வருவார்கள். சரி, ரெண்டு வண்டி. பாவில் நெடுக்காக எத்தனை இழை ஓடினாலும் ரெண்டால், மூணால், அஞ்சால் போட்டுப் பார்ப்பேன். மூன்றிலும் மிச்சம் விழுந்தால் கட்டத்துக்கு ஆகாது, ஒதுக்கிவிடுவேன். என் தறியில் அதற்கு மேல் எண்ணே கிடையாது.

நீ புறப்பட்ட காலையில் தொண்ணூற்றொன்றை எடுத்தாய். உன் பழைய புத்தகத்தில் விடைப் பக்கம் கிழிந்திருந்தது. என் வழியிலேயே போட்டுப் பார்த்தோம். மூன்றிலும் மிச்சம். "அப்ப இது பகாததுதானடா?" என்று கேட்டாய். "ஏழால போட்டுப் பாருக்கா, எனக்கென்னமோ இடிக்குது" என்றேன். "பஸ்ஸு போயிரும்" என்று எழுந்துவிட்டாய். சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் இப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

மதுரையில் கடைசியாக ஓர் இடம் மிச்சம், ரெண்டு பேர் சமமாக நின்றீர்களாம். உள்ளே இருந்த டீச்சரம்மா ஒரே கேள்வி கேட்டார்களாம். தொண்ணூற்றொன்று பகுமா, பகாதா? நீ கொஞ்சமும் தயங்காமல் பகாது என்றாயாம்.

திரும்பி வந்து டப்பாவை மூடினாய். "பகுமாம்டா" என்றாய். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியார் வீட்டு வண்டி வாசலில் நின்றது. ஏறிப் போனாய்.

அடுத்த கோடையில் ஊருணியில் சேறுதான் கிடந்தது. அதையும் வடிகட்டிக் குடித்திருக்கிறீர்கள். வாந்திபேதி. ஆள் வந்து சொல்லி நான் ஓடி வருவதற்குள் உன்னை எடுத்துவிட்டார்கள்.

இப்போதெல்லாம் எந்தப் பாவு வந்தாலும் முதலில் ஏழால்தான் போட்டுப் பார்க்கிறேன். கட்டத்துக்கு அது தேவையே இல்லை. என்ன கிறுக்கு இது என்று பக்கத்துத் தறிக்காரன் கேட்கிறான். அவனுக்கும் ஏதோ ஒரு கதை சொல்லி வைத்திருக்கிறேன்.

இன்று உன் கொட்டைகளைத் தரையில் அடுக்கினேன். ஏழு ஏழாகப் பதிமூன்று வரிசை. ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அக்கா, உன்னிடமுமா அந்தக் கதையைச் சொல்வது? ஏழால போட்டுப் பாரு என்று நான் சொல்லவே இல்லை. நீதான் ஏழு ஏழாக வைக்க ஆரம்பித்தாய். ரெண்டு வரிசை வைத்திருந்தாய். "தறிக்காரனுக்குத் தெரியாத கணக்கா? பகாதுன்னு அடிச்சுச் சொல்லு" என்று அதைக் கலைத்துவிட்டது என் கை.