டேப்பட் சத்தம்

சங்கரன்கோவில்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள முப்பிடாதிக்கு,

எழுத்து கோணல் மாணலாக இருப்பதைப் பொறுத்துக்கொள். ஒரு வரி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது. ஆனாலும் முழுக்க என் கை. நம் மகள் வேல்விழியையும் பேரனையும் கேட்டதாகச் சொல். ஓசூர் குளிரில் காதை மூடிக்கொள்.

உன் தம்பி பேச்சிராஜாவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். போன ஆவணியில் அவன் ஒர்க்‌ஷாப்பில் நம் பைக்கின் பராமரிப்புப் புத்தகத்தைக் கேட்டேன். அவன் என் பெருவிரலைப் பிடித்து கிரீஸில் முக்கி, ஒரு பக்கத்தில் அழுத்தி, "அத்தான் படிச்சு முடிச்சு கையெழுத்தும் போட்டுட்டாவ" என்றான். எட்டுப் பேர் சிரித்தார்கள். வெட்கத்தில் உன்னிடம்கூடச் சொல்லவில்லை. மறுநாளே எழுதப் படிக்க முதியோர் வகுப்பில் சேர்ந்தேன்.

காலையில் வண்டியை உதைத்து உதைத்து என் முழங்கால் வீங்கியது உனக்குத் தெரியும். பழைய இரும்புக்குப் போடச் சொன்னான் அவன். போன ஞாயிறு அந்தப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்தேன். என் ரேகைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது: என்ஜின் நன்றாக ஆறிய பிறகே, வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பட்டின் இடைவெளியைச் சரிசெய்ய வேண்டும். அவன் என்றைக்கு ஆறவிட்டான்? சூட்டோடு சூடாக, சத்தமே வராதபடி இறுக்கிவிடுவான். இறுக்கினால் வால்வு சரியாக மூடாது, கருகிவிடும் என்று அடுத்த வரியில் போட்டிருக்கிறது.

நேற்று விடியற்காலையில் வாசலிலேயே மூடியைக் கழற்றி, அளவுத் தகட்டை உள்ளே விட்டு, சொன்ன அளவுக்குத் தளர்த்தினேன். ஒரே உதை. லேசாக டக் டக் என்று சத்தம். கேட்க இனிமையாக இருந்தது.

சாயங்காலம் அவன் தன் பைக்கில் வந்தான். அதையும் அப்படித்தான் இறுக்கியிருக்கிறான். இப்போதே தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறான். "என் வண்டியில சத்தம் கேக்கா அத்தான்?" என்றான் பெருமையாக. "ஒண்ணுமே கேக்கல மாப்ள" என்றேன்.

போனில் சொன்னால் உடனே அவனுக்குச் சொல்லிவிடுவாய். அதனால்தான் தபால். உன் கைக்கு வர நாலு நாளாவது ஆகும். அவன் வண்டி அதுவரை தாங்காது. கிணற்றுக் கயிற்றை அவிழ்த்து என் வண்டிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். எங்கே நின்றாலும் போய்க் கட்டி, ரத வீதி வழியாக, அந்த எட்டுப் பேரும் பார்க்க இழுத்து வருவேன். பிறகு அவனை உட்கார வைத்து அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுவேன். மெதுவாகத்தான் வாசிப்பேன்.

கோபப்படாதே. உன் தம்பி என்பதால்தான் கயிறாவது எடுத்து வைத்தேன். கோமதியம்மன் உங்கள் மூவரையும் காக்கட்டும். அவன் முகம் எப்படி இருந்தது என்று அடுத்த வாரம் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
கோமதிநாயகம்
(நானே போட்ட கையெழுத்து)