வால்வில் கட்டியிருந்த சீட்டு

கோபித்துக்கொண்டு போனவளுக்கு,

உன் அம்மா வீட்டில் எல்லோரும் நலம்தானே? இங்கேயும் ஒரு குறையும் இல்லை. சனிக்கிழமை சமையலறைக் குழாய் மட்டும் கையோடு வந்துவிட்டது.

துணியை வைத்து அமுக்கிப் பார்த்தேன். தண்ணீர் என் முகத்தில்தான் பீச்சியடித்தது. "நான் இல்லாம இந்த வீடு ஒரு நாள் ஓடாது" என்று உன்னிடம் கத்தியவன் ஆயிற்றே! வெளியே ஓடிப்போய்க் கண்ணில் பட்ட வால்வை மூடினேன். தண்ணீர் நிற்கவில்லை. மாடிவீட்டு டிரைவர்தான் தலை நிறைய சோப்பு நுரையோடு இறங்கி வந்தார்.

"சார், நீங்க மூடினது என் வீட்டுத் தண்ணி. உங்க வீட்டு மொத்தத் தண்ணிக்கும் வால்வு சிங்க்குக்குக் கீழ, பழைய வாளிக்குப் பின்னாடி இருக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அக்கா பெட்டியோட போறப்பவே சொன்னாங்க. 'அவருக்குத் தெரியாது, கேக்கவும் மாட்டாரு, கொஞ்சம் பாத்துக்குங்க'ன்னு."

குனிந்து பார்த்தேன். வால்வில் உன் கையெழுத்தில் ஒரு சீட்டு: "மூட, வலப்பக்கம். மெதுவாக." மூடினேன். புதுக் குழாயையும் நானே மாட்டிவிட்டேன்.

ஆனால், திறக்க எந்தப் பக்கம் என்று நீ எழுதவில்லையே? வந்து திறந்துவிட்டுப் போ. போகாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
மூன்று நாளாகக் குளிக்காதவன்