இரண்டாவது வால்வு

நமுனுகுல
வெள்ளிக்கிழமை

அன்பு ரிஸ்காவுக்கு,

முதலில் நான் பார்த்தது ஒரு சிவப்புக் கோடு. அண்ணனின் புது ஆம்ப்ளிபயருக்குள், விளக்குக் குமிழ் போன்ற இரண்டாவது சின்னக் கண்ணாடி வால்வின் அடியில், மயிரிழை போல ஒரு கோடு. துரு என்று நினைத்தேன். அதை அண்ணனிடம் சொன்னதும் நான்தான். இதை நீ வேறு யார் வாயாலும் கேட்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமையிலிருந்து நீ என் அழைப்பை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் உன் படமும் தெரியவில்லை. அதனால் கண்டி விடுதி முகவரிக்கு அனுப்புகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துவிடாமல் கடைசி வரை வாசி.

அஜந்தன் அண்ணன் சனிக்கிழமைகளில் எல்ல ஊரில் ஒரு ஹோட்டலில் பேஸ் கிட்டார் வாசிப்பது உனக்குத் தெரியும். போன வாரம் புதன்கிழமைதான் பதுளையில் உன் வாப்பாவின் கடையிலிருந்து அந்த ஆம்பைக் கொண்டுவந்தான். பழைய காலத்து மாடலை அதே கம்பெனி இப்போது அச்சு அசலாக மறுபடி செய்து விற்கிறதாம். எனக்கு அதுவே பிடிபடவில்லை. புதுச் சாமான் ஏன் பழசு போல இருக்க வேண்டும்? முன்பக்கம் மங்கிய மஞ்சள் துணி, பழைய ரேடியோவில் இருப்பது போன்ற திருகுகள். பக்கத்து வீட்டுப் பெரியாயி அத்தை வந்து பார்த்துவிட்டு, "ஏன்டா தம்பி, தொரை பங்களாவுல தூக்கிப் போட்டதையா எடுத்துட்டு வந்த?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே டேப் இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தது. யாரோ ஒரு தரம் பிரித்திருக்கிறார்கள் என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

வியாழன் இரவு நன்றாகத்தான் இருந்தது. அண்ணன் பின்பக்க வலையைக் கழற்றி வால்வுகள் எரிவதை எங்களுக்குக் காட்டினான். வலையைத் திரும்பப் பூட்டவில்லை. சனிக்கிழமை எல்ல ஹோட்டலில், வெள்ளைக்காரர்களுக்கு முன்னால், ஆம்ப் படபடவென்று பொரியத் தொடங்கியதாம். மூன்றாவது பாட்டில் கிட்டார் சத்தமே இல்லையாம். டிரம்ஸ் வாசிக்கும் இந்திரஜித், "மச்சான், ஆம்பு வாங்குனியா, கடலை வறுக்குற சட்டி வாங்குனியா?" என்று மைக்கிலேயே கேட்டிருக்கிறான்.

ஞாயிறு காலையில்தான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். "இது யாரோ பாவிச்ச பழைய வால்வுண்ணே, மாத்தி வச்சிருக்காங்க" என்று சொன்னேன். எனக்கு வால்வைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் அவ்வளவு நிச்சயமாகச் சொன்னேன். ஆம்பைக் கடைக்குக் கொண்டுபோனால் மற்ற வால்வுகளையும் மாற்றிவிடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

திங்கட்கிழமை அண்ணன் வெறுங்கையோடு போய்ச் சண்டை பிடித்தான். உன் வாப்பா, "தம்பி, பெட்டியத் தொறந்து செக் பண்ணித்தான் தந்தேன். சாமானக் கொண்டு வாங்க, ஒங்களுக்கு முன்னுக்கே தொறந்து பாப்பம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். அந்தச் சிரிப்பைக்கூட நாங்கள் நம்பவில்லை. அன்றைக்கே அண்ணன் கடைப் பலகையைக் காட்டி, பழைய வால்வைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று வீடியோ போட்டான். அதன் கீழே யார் யாரோ உங்கள் முஸ்லிம் ஆட்களைப் பற்றிக் கேவலமாக எழுதியதை நீ வாசித்திருப்பாய். நானும் வாசித்தேன்.

உன்னையும் சந்தேகப்பட்டேன், ரிஸ்கா. வாப்பாவின் கடைக்குப் புது ஆம்ப் வருகிறது, அண்ணனிடம் சொல் என்று போன மாதம் நீதானே செய்தி அனுப்பினாய். தெரிந்தே எங்கள் தலையில் கட்டிவிட்டாயோ என்று நினைத்தேன். பத்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோது தோட்டத்து லய வீட்டுக்கு என்னைத் தேடி வந்தவள் நீ ஒருத்திதான். அப்படியிருந்தும் நினைத்தேன்.

நேற்று வீட்டில் யாரும் இல்லாதபோது இன்னும் சாட்சி தேடித்தான் அதைத் திறந்தேன். வயரைக் கழற்றி, சூடு ஆறும்வரை காத்திருந்து, முதலாவது வால்வையும் இரண்டாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். வயரை மறுபடி பொருத்தி ஓடவிட்டேன். வால்வு கெட்டது என்றால் பொரியும் சத்தமும் அதோடு இடம் மாற வேண்டும். மாறவில்லை. பென்சிலால் மெதுவாகத் தட்டிப் பார்த்தேன். நல்ல வால்வும் அந்த இரண்டாவது இடத்தில் இருந்தால் பொரிந்தது. மறுபடி நிறுத்தி, ஆறவிட்டு, வால்வைப் பிடுங்கி, அது குந்தியிருந்த ஓட்டைகளுக்குள் போன் வெளிச்சம் அடித்தேன். சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ காய்ந்துபோய் இருந்தது. ஊசியால் சுரண்டிக் காகிதத்தில் தட்டி முகர்ந்தேன். சந்தனம். சிவப்பு, குங்குமம்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்ததும் கேட்டேன். கூடையை இறக்காமலே சொன்னார்: "வெள்ளிக்கெழம வெளக்குக்குப் பொட்டு வைக்கயில அதுல ஒரு கண்ணாடிக் குமிழுக்கும் ஒண்ணு வச்சேன். அதுவும் வெளக்காட்டம்தானே எரியுது. புள்ள மொதமொத வாசிக்கக் கொண்டு போறான்ல. ஏன், வைக்கக் கூடாதா?" அன்றைக்குச் சந்தனத்தைத் தண்ணியாகக் கரைத்துவிட்டாராம். பொட்டு சூட்டில் காய்ந்து உதிர்ந்துவிட்டது. வழிந்தது மட்டும் அடியில் தங்கிவிட்டது.

இரவு அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தலையில் கை வைத்து உட்கார்ந்தான். கடைக்குப் போய்ச் சொல்லு, வீடியோவிலும் சொல்லு என்று கேட்டேன். "எங்கம்மா ஆம்புக்குப் பொட்டு வச்சாங்கன்னு ஊருக்கே சொல்லவா? இந்திரஜித் சாகுற வரைக்கும் சிரிப்பான். நீதானடி மொதல்ல சொன்ன!" என்றான். வீடியோவை மட்டும் அழித்துவிட்டான். மற்றவர்கள் எடுத்துப் போட்டது இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அவன் வாய் திறக்கமாட்டான், ரிஸ்கா. அம்மாவைப் பற்றி யாரும் கேலி பேசக் கூடாது என்றும் அவனுக்கு ஒரு எண்ணம். அதை நான் பிழை சொல்லமாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுத எனக்குக் கை வரவில்லை. ஒரே ஒரு தடவை போனை எடு. நீ ஒன்றும் பேசாவிட்டாலும் பரவாயில்லை, நான் பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். உன் வாப்பா தலை நிமிர்ந்து கடை திறக்க வேண்டும், நீ நல்லபடியாகப் படித்து முடிக்க வேண்டும் என்று உன் அல்லாவிடமும் எங்கள் மாரியம்மனிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

ஜும்ஆத் தொழுகைக்குக் கடை பூட்டுவதற்கு முன்னால் போய்விட வேண்டும் என்று இன்று காலை முதல் பஸ்ஸில் தனியாகப் பதுளைக்குப் போனேன். கடையில் ஐந்து பேர் நின்றார்கள். உன் வாப்பா என்னைக் கண்டதும், "வாங்க மகள்" என்று மட்டும் சொன்னார். அவர்கள் போகட்டும் என்று சுவரோரம் ஒதுங்கி நின்றேன். பிறகு, அவர்கள் இருக்கும்போதே முன்னால் போய், "அங்கிள், ஒங்க போன எடுங்க. நான் சொல்றத வீடியோ எடுங்க" என்று சொல்லிவிட்டு, முகத்தை நிமிர்த்தி நின்றேன்.

உன்
கம்சலா