வாண்டுவின் காலில் ஒரு தீவு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று கூட்டமில்லை. தேய்த்து முடித்த லென்ஸ் ஒன்றைக் கண்ணருகே பிடித்துத் தெருவைப் பார்த்தேன். யாரோ பெரியவருக்கான பவர் அது. என் கண்ணுக்குத் தெரு முழுக்கத் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. ஆட்கள் ஓரமெல்லாம் கரைந்து மெதுவாக மிதந்துபோனார்கள். முதலாளி இரண்டு முறை கூப்பிட்டாராம். "எந்த உலகத்துலய்யா இருக்கே?" என்று கேட்டார்.

மனைவிக்கு இந்த மாதம் மாலைப் பணி. அவள் பஸ் ஓட்டப் போனபின் வீட்டில் நானும் வாண்டுவும்தான். ஐந்து வயது, தானே குளித்துக்கொள்வாள். நான் கதவுக்கு வெளியே துண்டோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான். இன்று அவள் பாதத்தைத் துடைத்துவிடும்போது கட்டைவிரலடியில் தோல் பொருக்குப் பொருக்காக எழும்பியிருந்தது.

"வலிக்குதாடா?"

"இல்ல மாமா. தேங்க்ஸ்."

இந்தத் தேங்க்ஸ்தான் என்னைக் கொல்கிறது. கல்யாணமாகி நாலு மாதம். அவள் அம்மாவுக்குக் கணவனாகிவிட்டேன். அவளுக்கு மட்டும் இன்னும் வீட்டுக்கு வந்த விருந்தாளி. அவளைப் பெற்றவர் அவள் பிறப்பதற்கு முன்பே விலகிப்போனவர். ஆக, நான் யாருடைய இடத்தையும் பிடித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் உட்கார இடம் கிடைக்கவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மருந்துக்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "சேத்துப்புண்ணு மாதிரி இருக்கு," என்று ஒரு களிம்பு கொடுத்தார். மனைவிக்குச் சோப்பின்மேல் சந்தேகம், சோப்பை மாற்றிவிட்டாள். எனக்கு யார்மேலும் சந்தேகமில்லை.

களிம்பு காய்ந்ததும் வாண்டு ஓடிப்போய் சாக்ஸை மாட்டி, அதற்குமேல் அந்த ரோஸ் நிற ஷூவையும் மாட்டிக்கொண்டாள். பளபளவென்ற பிளாஸ்டிக். அடி வைத்தால் குதிகாலில் விளக்கு எரியும். முதல் மாதம் நான் வாங்கிக் கொடுத்தது. அன்று கடையிலிருந்து வீடுவரை என் விரலைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். அப்படி நடந்தது அந்த ஒரு நாள்தான். வீட்டுக்குள்ளும் அந்த ஷூவோடுதான் திரிகிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சின்ன மிதப்பு.

மார்ச் 13, வியாழன்

இப்போது இரண்டு பாதமும். முன்பாதம் வழவழவென்று மினுங்குகிறது, நடுவில் வெடிப்பு. படியேறும்போது 'ஸ்ஸ்' என்கிறாள். கேட்டால் ஒன்றுமில்லையாம்.

மார்ச் 16, ஞாயிறு

கடையிலிருந்து உருப்பெருக்கி எடுத்துவந்தேன். வெடிப்பு எவ்வளவு ஆழம் என்று பார்க்கத்தான். குனிந்து பார்த்தவன் அப்படியே இருந்துவிட்டேன். உரிந்த தோலின் விளிம்பு கடற்கரை மாதிரி வளைந்து போகிறது. நடுவே உரியாமல் மிஞ்சிய துண்டு, தனியாக.

"என்ன மாமா தெரியுது?"

"ஒரு தீவு."

அவளும் தலையை நுழைத்துப் பார்த்தாள். அவள் ஈர முடி என் கன்னத்தில் பட்டது. நான் மூச்சுவிடவில்லை.

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல போல."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க வேணா அங்க இருந்துக்கோங்க," என்றாள், மிகுந்த பெருந்தன்மையோடு.

மார்ச் 18, செவ்வாய்

தோல் டாக்டரம்மா வாண்டுவின் காலை ஒரு நிமிடம் பார்த்தார், ஷூவை ஐந்து நிமிடம் பார்த்தார். உள்ளே விரலை விட்டார். என்னையும் விடச் சொன்னார். ஈரம்.

"காத்து போக வழியே இல்ல பாருங்க. நாள் முழுக்க வேர்வையில ஊறுது, கழட்டினா காயுது. திரும்பத் திரும்ப ஊறிக் காஞ்சா குழந்தைத் தோல் தாங்குமா?"

சேற்றுப்புண் இல்லையாம், ஒட்டிக்கொள்வதும் இல்லையாம். இந்த ஷூவைப் போடவே கூடாது. பருத்தி சாக்ஸ், நனைந்தால் உடனே மாற்ற வேண்டும். வீட்டுக்குள் வெறுங்கால். குளித்துத் துடைத்ததும் கெட்டியான களிம்பு. ஆறச் சில வாரமாகும்.

"யாரு இதை வாங்கிக் குடுத்தது?"

வாண்டு நிமிர்ந்து உட்கார்ந்து, "எங்க மாமா," என்றாள். பெருமையாக.

எங்க மாமா. முதல்முறை. அதையும் இந்த நேரத்திலா சொல்ல வேண்டும்?

மனைவியிடம் சொன்னேன். "ஷூவ நான் எடுத்து வெச்சுடறேன். என்கிட்ட தினம் சண்டை போடுறவதானே, இதுவும் ஒண்ணுனு போயிடும். நீங்க நல்லவராவே இருங்க," என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மனதுக்குள் அப்போதே தலையாட்டிவிட்டேன்.

மார்ச் 19, புதன்

இல்லை. வாங்கியது நான். அவள் காலைக் கெடுத்ததும் அதுதான். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நல்ல பெயர் வாங்கி என்ன செய்யப்போகிறேன்?

பள்ளிவிட்டு வந்ததும் நானே சொன்னேன். இந்த ஷூதான் காலை உரிக்குது, இனிமே வேணாம், வேற வாங்கலாம். அழுவாள் என்று கைக்குட்டைகூட எடுத்து வைத்திருந்தேன். அழவில்லை. உட்கார்ந்து கழற்றினாள். ஜோடியாகச் சேர்த்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இந்தாங்க. நீங்க வாங்கினதுதானே."

அய்யோ, அழுதிருக்கலாமே. ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையே. இப்படியா, கடனா வாங்கின பாத்திரத்தைத் திருப்பிக் குடுக்கற மாதிரி...

மார்ச் 22, சனி

பேச்சில்லை. காலை நீட்டுகிறாள், சுவரைப் பார்க்கிறாள். நான் தடவுகிறேன். தேங்க்ஸும் இல்லை.

மார்ச் 29, சனி

மாலை வெளிச்சம் மங்கும் நேரம். ஜன்னல் திரைக்குப் பின்னால் பளிச், பளிச். முதலில் கனவு என்றே நினைத்தேன். நான் அப்படிப்பட்ட ஆள்தானே. பிறகுதான் அலமாரியை ஒட்டி நாற்காலி கிடப்பதைப் பார்த்தேன். மேலே வைத்திருந்த ஷூவைக் காணோம்.

திரையை விலக்கினேன். வெறுங்காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, சத்தம் வராமல் நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தாள். குனிந்து கழற்றப் போனேன். அப்போது வெடித்தது பாருங்கள்.

"தொடாத! நீதான வாங்கிக் குடுத்த? நீயே எதுக்குப் பிடுங்கற? போ, உன் பேச்சு கா!"

முழங்காலுக்குக் கீழே ஓர் உதை. கையில் ஓர் அடி. அப்புறம் என் சட்டையையே பிடித்துக்கொண்டு, அதிலேயே மூக்கைத் துடைத்துத் துடைத்து அழுதாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. அறை இருட்டிவிட்டது. அழுகை அடங்கியபின் அவளே காலை நீட்டினாள், கழற்றினேன்.

மனைவி வந்ததும் உதை வாங்கி வீங்கின என் காலைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். "மத்தவங்க முன்னாடி வாயே திறக்க மாட்டா. இந்தக் கத்தல் கத்துறது என்கிட்ட மட்டும்தான். உங்களுக்கும் ஆரம்பிச்சாச்சா? அனுபவிங்க," என்றாள்.

கால் இன்னும் வலிக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 5, சனி

வெடிப்பெல்லாம் மூடிவிட்டது. விளிம்பிலிருந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் வருகிறது. விரல் வைத்தால் வெண்ணெய். புது சாக்ஸில் முயல் படம் இருப்பதால் அதற்கும் மன்னிப்பு கிடைத்துவிட்டது. களிம்பு தடவும்போது பள்ளிக்கதை சொல்கிறாள். பக்கத்து இருக்கைப் பையன் அழிரப்பரைத் தின்றுவிட்டானாம்.

சந்தோஷப்பட வேண்டிய நாள். ஆனால் நான் டப்பாவில் எவ்வளவு களிம்பு மிச்சமிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறியபின் எதற்காகக் காலை நீட்டுவாள்? எதற்காகப் பக்கத்தில் உட்காருவாள்? ஒரு குழந்தையின் கால் கொஞ்சம் மெதுவாக ஆறட்டும் என்று நினைக்கிற மனுஷனும் உண்டா? நினைத்தேன். ஒரு நொடிதான். வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

டாக்டர் பார்த்தார். "இனிமே களிம்பு வேணாம், நிறுத்திடலாம்." குளித்துவிட்டு வாண்டு நேராக விளையாடப் போய்விட்டாள். டப்பாவை மூடி எடுத்துவைத்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

மனைவிக்கு இன்றும் பணி. வாண்டுவும் நானும் அவள் ஓட்டும் பஸ்ஸிலேயே ஏறினோம், கடைசி நிறுத்தம்வரை போய்த் திரும்பலாம் என்று. எங்கும் ஒரு வேலையும் இல்லை. பின்னிருக்கை எங்களுக்கே. பஸ் திரும்பும்போதெல்லாம் வெயில் ஒரு வரிசையிலிருந்து இன்னொரு வரிசைக்குப் போய் உட்கார்ந்தது. ஊர் நழுவிக்கொண்டே போனது. எனக்குக் கண் சொருகியது.

வாண்டு செருப்பை உதறிவிட்டு, ஜன்னலோரம் சாய்ந்து, இரண்டு காலையும் தூக்கி என் மடியில் போட்டாள். பழக்கத்தில் பார்த்தேன். ஒரு பொருக்கு இல்லை. கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் இருக்கை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்.

கண்ணைத் திறக்காமலே, "தடவு மாமா," என்றாள்.

"களிம்பு இல்லையேடா. கால்தான் ஆறிடுச்சே?"

"தெரியும்," என்று காலை இன்னும் கொஞ்சம் என் பக்கம் தள்ளினாள்.

கடைசி நிறுத்தம் வரும்வரை தடவிக்கொண்டிருந்தேன்.