பிள்ளைக்காம்பராவைப் பூட்டிய காய்ச்சல்

நேற்றுக் கொட்டகலைக் கடைவீதியில் கடைக்கார நானா பால்மா டின் ஒன்றைத் திறந்து யாருக்கோ நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் வாங்க வந்த சாமானை மறந்து நின்றுவிட்டேன். உன் சேலையில் எப்போதும் ஒட்டியிருந்த வாசனை அது. "என்னங்க மருத்துவச்சியம்மா, கடைய மூடுறவரைக்கும் நிப்பீங்களா?" என்று நானா கேலி செய்தார். சிரித்து மழுப்பிவிட்டு வந்தேன்.

நான் தேயிலைத் தோட்டத்து மருத்துவச்சி, நீ பிள்ளைக்காம்பரா ஆயா. லயத்து வரிசை வீடுகளில் நான் பிரசவம் பார்த்த பிள்ளைகளை, தாய்மார் மறுபடி கொழுந்தெடுக்கப் போகும்போது நீ வாங்கிப் பிள்ளைக்காம்பராத் தொட்டிலில் போடுவாய். "நீ வெளிய எடுத்துப் போட்டுட்டுப் போயிடுவ, மூக்குத் தொடைக்கிறது நான்தானே" என்று வம்புக்கு இழுப்பாய். பிள்ளைகள் தூங்கிய பிறகு வாசல்படியில் உட்கார்ந்து ரொட்டியும் கட்டச் சம்பலும் தின்போம். நீ போடும் பாலில்லாச் சாயத்தண்ணியில் இஞ்சி எப்போதும் கூடுதல். எத்தனை திட்டினாலும் நீ குறைத்ததில்லை.

உலகமெல்லாம் சுற்றிய அந்தச் சளிக்காய்ச்சல் நம் மலைக்கும் ஏறி வந்தபோது, அதற்கு வழிவிட்டவர்கள் நாம்தான். காய்ச்சல்காரர் டிஸ்பென்சரிக்கு நடந்து வந்து முகத்தைக் காட்டினால்தான் சுகமில்லை என்று தோட்டத்தில் ஒப்புக்கொள்வார்கள். மூடுபனியில் வரிசையாக நின்று ஒருவர்மேல் ஒருவர் இருமினார்கள். வேலைக்குப் போனதாகப் 'பேர்' விழாமல் அன்றைய கூலி போய்விடுமே என்று பயந்தவர்கள், இருமலை அடக்கிக்கொண்டு ஆளெண்ணி வேலை பிரிக்கும் விடியற்காலைப் பெரட்டில் போய் நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளெல்லாம் உன் ஒரே அறையில், நெருக்கமாகக் கட்டிய சேலைத் தொட்டில்களில் கிடந்தன.

ஒருநாள் காலையில் நீ பிள்ளைக்காம்பராவைப் பூட்டிவிட்டாய். பெண்கள் கைப்பிள்ளையோடு பெரட்டுக்கே வந்து நிற்க, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையா கத்தத் தொடங்கினார். நீ அவர் முன்னால் போய் நின்றாய்.

"கத்தாதீங்கய்யா. ஒரு தொட்டில்ல இருமுனா அத்தனை தொட்டிலும் இருமுது. லயத்துக்கு ஒருத்தி நிக்கட்டும், காய்ச்சல் வந்து போனவளா பாத்து வைங்க. புள்ளைங்களையும் பாத்துக்குவா, படுத்தவங்களுக்குக் கஞ்சியும் வைப்பா. அவளுக்குப் பேர் போடுங்க."

"கொழுந்தெடுக்காதவளுக்குப் பேரா? தொர கேட்டா யாரு பதில் சொல்றது?"

"தொரய வரச் சொல்லுங்க, நானே சொல்றேன்."

உன் வேலை அன்றோடு போயிற்று என்றே நினைத்தேன். தோட்டத்தை நடத்தும் துரை வந்தார், பிள்ளைகளோடு நின்ற பெண்களைப் பார்த்தார், பறிக்க ஆளில்லாமல் கொழுந்து முற்றிக்கொண்டிருந்த மலையைப் பார்த்தார், சரி என்றார். உன் பேச்சுக்கா அந்தக் கொழுந்துக்கா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அன்றிலிருந்து யாரும் டிஸ்பென்சரிக்கு நடக்கவில்லை. மருந்துப் போத்தலோடு லயம் லயமாக நான் நடந்தேன். கீழேயிருந்த பணிய லயத்துக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. அங்கே காய்ச்சல் கண்டு எழுந்தவள் என்று ஒருத்திகூட இல்லை.

"நான் போறேன். எனக்குத்தான் வந்து போயிடுச்சே" என்றாய்.

"எப்படி? எனக்குத் தெரியாம?"

"ஒங்கிட்ட சொன்னா படுக்கப் போட்டுடுவ. அதான் சொல்லல" என்று சிரித்தாய். செய்யக்கூடியவள்தான் நீ. நம்பினேன்.

கொஞ்ச நாளில் அந்த லயத்துக்கு நான் போனபோது, மடியில் ஒரு பிள்ளையோடு சுவரில் சாய்ந்திருந்தாய். தொட்டால் உடம்பு கொதித்தது.

"பொய்யாடி சொன்ன?"

"வேற யாரு இருந்தா, சொல்லு."

பிள்ளையை வாங்கிக்கொண்டு உன்னைப் படுக்க வைத்தேன். ஆஸ்பத்திரியில் தரையில்கூட இடமில்லை என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. பணிய லயத்திலேயே, நீ பார்த்துக்கொள்ளப் போன பிள்ளைகளின் சத்தத்துக்கு நடுவிலேயே நீ போய்விட்டாய். அந்தப் பிள்ளைகள் எல்லாம் பிழைத்துக்கொண்டன. இப்போது கொழுந்துக் கூடையைக் கவிழ்த்து விளையாடும் வயது அவர்களுக்கு.

காய்ச்சல் மலையிறங்கியதும் உன் ஏற்பாடும் மறைந்துவிட்டது. மறுபடியும் எல்லாரும் டிஸ்பென்சரிக்கு நடந்து வருகிறார்கள். காய்ச்சல் பரவுகிற ஒவ்வொரு தடவையும் கண்டாக்கையாவோடு சண்டை போட்டு, லயத்துக்கு ஒருத்தியை நிறுத்த வைக்கிறேன். எனக்கு வாய் நீளமாம். உன்னோடு பழகியதால் வந்த வாய்தானே.

உன்மேல் உள்ள கோபம் எனக்கு இன்னும் தீரவில்லையடி. அதைவிட, உன்னை விட்டால் ஆளில்லாத நிலையில் உன்னை வைத்திருந்தவர்கள்மேல் வந்த கோபம் பெரிது. எல்லா லயத்துக்கும் பார்க்க ஆள் வைத்தார்கள். பார்க்கிறவளைப் பார்க்க யாரையும் வைக்கவில்லை.

இப்போதெல்லாம் லயத்துக்குப் போனால், படுத்திருப்பவரிடம் நான் நேரே போவதில்லை. அடுப்படியில் கஞ்சி காய்ச்சுகிறவளைக் கூப்பிட்டு, முதலில் அவள் நெற்றியில் கை வைக்கிறேன். "எனக்கு ஒன்னுமில்லீங்க" என்று விலகப் பார்க்கிறாள். எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள். நான் கையை எடுப்பதில்லை.